அரக்கு வைத்து அனுப்பிய தூக்கம்

பாளையங்கோட்டைக்கு வெளியே எங்கள் தபால் தந்தி நகரில் நாற்பத்தொரு வீடுகள், அத்தனையும் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கட்டியவை, அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கழுத்துத் தலையணைதான் இருந்தது. சாம்பல் நிறம், லாடம் மாதிரி வளைவு, ஒரு ஓரத்தில் பித்தான். அதை முதலில் வாங்கியது யார் என்பதில் இரண்டு கட்சி உண்டு, அந்தத் தகராறு தீராமலே போனதால் அது பொதுச்சொத்தாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், படித்ததற்குத் தண்டனையாக வெகுதூரம் போய்விட்டார்கள், அவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஆகக் குறைந்த கட்டணத்து இருக்கையில், முழங்கால் முன்சீட்டில் இடிக்க, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து விழுந்து எழ, இருபது மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டும். அதனால் எங்கள் நகரில் யாருக்கு டிக்கெட் போட்டாலும் முதலில் தலையணைக்குச் சொல்லி வைப்பார்கள், அப்புறம் பெட்டிக்கு, அதற்கும் அப்புறம்தான் சாமிக்கு.

அந்தத் தலையணை தூக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது சாலமோன் சார் டொரண்டோ போனபோது தெரிந்தது. சாலமோன் சார் தந்திப் பிரிவில் இருந்தவர், ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் தூங்கியே அறியாதவர். அவர் தலையணையைக் கழுத்தில் மாட்டிப் பித்தானைப் போட்டதுதான் தெரியும், ஏறிய விமானம் இறங்கும்வரை தூங்கினார், தூக்கம் முழுக்கக் கையை வீசி வீசி ‘ச்சூ, ச்சூ’ என்று எதையோ விரட்டிக்கொண்டே இருந்தார், பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை இடம் மாற்றிக் கேட்டாராம். இறங்கியதும் அவர் போன் செய்தது மனைவிக்கு இல்லை, எதிர்வீட்டுக் கோமு அக்காவுக்கு.

“ஏம்மா கோமு, மாடில கூழ்வத்தல் காயப் போட்டிருந்தியளா? வடக்கு மூலையில ரெண்டு வரிசைய காக்கா கொத்திட்டுப் போயிட்டு. நான் எவ்வளவோ விரட்டிப் பாத்தேன்.”

கோமு அக்கா கழுத்துவலிக்கு என்று அந்தத் தலையணையை வாங்கி, மூன்று வாரம் மத்தியானங்களில் டிவி முன்னால் மாட்டிக்கொண்டு தூங்கியவர். “அதானே பாத்தேன். மூணு வாரமா எவ்வளவு தூங்கியும் தூங்குன மாதிரியே இல்ல சார். எல்லாம் அங்கன வந்திட்டா” என்றார், சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தார். வடக்கு மூலையில் இரண்டு வரிசை இல்லை.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்தவர் கல்யாணத்தையும் சாவையும் பரீட்சை முடிவையும் காதலையும் பையில் போட்டுச் சுமந்தே தலை நரைத்தவர்கள் நாங்கள், ஒருவர் தூக்கம் இன்னொருவர் விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றால் எங்களுக்கு எழுகிற கேள்வி அதை எப்படிக் கட்டி அனுப்புவது என்பதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பூங்காவில் கூட்டம் போட்டோம், அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கூட்டம். நகருக்குள் மாட்டித் தூங்கினால் தலையணை நிரம்பும், நகரைத் தாண்டி மாட்டினால் காலியாகும். படுத்துக்கொண்டு நிரப்பிய தூக்கம் விமானத்தில் ஆளைச் சீட்டிலிருந்து வழுக்கிக் காலடிக்குக் கொண்டுபோய்விடும் என்பது இரண்டாவது பயணத்தில் தெரிந்ததால், உட்கார்ந்த வாக்கிலேயே நிரப்ப வேண்டும் என்று முடிவானது. பசியோடு நிரப்பினால் போகிறவர் பாதி வழியில் எழுந்து பக்கத்துத் தட்டைப் பார்ப்பார், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு நிரப்பினால் போகிறவர் பணிப்பெண்ணோடு சண்டை போடுவார், சாலமோன் சார் நிரப்பினால் தூக்கம் கட்டுக்கடகட என்று தந்தி அடிக்கிற மாதிரி விட்டு விட்டு வரும், அதனால் சாலமோன் சார் இனிமேல் நிரப்ப வேண்டாம். எவ்வளவு நாள் நிரப்பினாலும் தூக்கம் நீளுவதில்லை, ஆழம்தான் கூடும். ஒரு தடவை மாட்டினால் ஒரு தூக்கம், அதோடு தீர்ந்தது. நிரப்பியவருக்கு அந்தத் தூக்கம் கிடையாது, எழுந்தால் கண் எரியும். ஆகவே வீட்டுக்கு ஒருவர் ஒரு மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டோம். நாலு வருடம் எந்தக் குறையும் வந்ததில்லை.

ஆவுடையம்மாள் அந்த முறையை மாற்றச் சொல்லித்தான் பூங்காவுக்கு வந்தார். சேரன்மகாதேவி தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்தெட்டு வருடம் ஸ்டாம்பு கொடுத்தவர், கணவர் போன பிறகு பதினேழாம் நம்பர் வீட்டில் தனியாக இருப்பவர், அவருடைய ஒரே மகள் நித்யகல்யாணி சிகாகோவில் இருந்தாள். கல்யாணிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. அது நடந்து ஏழு மாதம் ஆகிறது, அந்த ஏழு மாதமாக அவள் தூங்கவில்லை. மாத்திரை போட்டால் மயங்குகிறாள், தூங்குவதில்லை. இரண்டு தடவை காரைக் கொண்டுபோய் எதிலோ மோதிவிட்டாள், மூன்றாவது தடவை என்ன ஆகும் என்று நினைக்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. ஆவுடையம்மாள் போய் மகளை மடியில் போட்டுக்கொள்ளலாம் என்றால், அவர் காலில் இரத்தம் ஒருமுறை உறைந்திருக்கிறது, இருபது மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் உயிரோடு இறங்குவதற்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

“தளவாய் அண்ணாச்சி அடுத்த மாசம் மகனப் பாக்க சிகாகோ போறாவ. தலையணைய அவுக கையில கொடுத்து விடணும். நான் மட்டுந்தான் நெறப்புவேன்” என்றார் ஆவுடையம்மாள்.

“நாங்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் தாரோமே மயினி. ஒத்தையில எதுக்குக் கெடந்து சாகணும்?” என்றார் கோமு அக்கா.

“பிள்ளையப் பறிகொடுத்தவ அவ. உன் தூக்கத்துக்குள்ள போயி காக்கா விரட்டிக்கிட்டு நிக்கவா?”

நாற்பது நாள் ஆவுடையம்மாள் முற்றத்து மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணையை மாட்டிக்கொண்டு தூங்கினார், வேறு எங்கும் வேறு எப்படியும் தூங்கவில்லை, தூங்கியதெல்லாம் அதற்குள் போனது. பத்தாம் நாள் ரசத்தில் காப்பித்தூளைப் போட்டார். இருபதாம் நாள் தெருமுனை மின்கம்பத்திடம் ‘சௌக்கியமா இருக்கியளா’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார். முப்பதாம் நாளுக்கு அப்புறம் அவரை அடுப்புப் பக்கம் விடவில்லை, வீட்டுக்கு ஒரு வேளை என்று சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர் எது எந்த வேளை என்று தெரியாமல் சாப்பிட்டார். கண்ணைச் சுற்றிக் கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. போதும் என்று சொல்லிப் பார்த்தோம். இன்னும் ஆழம் போதாது என்றார்.

நாற்பத்தோராம் நாள் தலையணையை அதே வளைவில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, தையல் மேல் ஏழு இடத்தில் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தி, அழியாத மையில் விலாசம் எழுதி, ஒப்புகை அட்டை ஒன்றைச் சேர்த்துக் கட்டி, தளவாய் அண்ணாச்சி கையில் கொடுத்தோம். தளவாய் அண்ணாச்சி முப்பத்தேழு வருடம் போஸ்ட்மேனாக இருந்தவர். ஒரு கவர் தொலைந்ததில்லை, ஒரு கவர் பிரிந்ததில்லை. தாமிரபரணி வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் பதிவுத் தபாலைத் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவர். படிக்கத் தெரியாத வீடுகளில் கடிதத்தை அவரே வாசித்துக் காட்டுவார், அதில் ஒரு சொல் கூட்ட மாட்டார், ஒரு சொல் குறைக்க மாட்டார், மகன் அம்மாவைத் திட்டி எழுதியிருந்தாலும் திட்டை அப்படியே வாசித்துவிட்டு ஒரு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அவர் தூங்குவதற்கு வேறு ஒரு தலையணை புதிதாக வாங்கி நிரப்பித் தருகிறோம் என்றோம். “காவலுக்குப் போறவன் தூங்கலாமா? நல்லாச் சொன்னிய போங்க” என்று மறுத்துவிட்டார்.

சென்னையில் சோதனைப் பெட்டிக்குள் பொட்டலத்தை அனுப்பி எடுத்தார்கள், உள்ளே தூக்கம் இருப்பது அதில் தெரியவில்லை. முதல் விமானத்தில் நாலரை மணி நேரம் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழித்திருந்தார், யாரும் கவனிக்கவில்லை. பாலைவனத்து ஊர் ஒன்றில் ஆறு மணி நேரம் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது விமானம் பதினைந்து மணி நேரம், நாற்பத்துமூன்றாம் வரிசை, நடுச்சீட்டு. கிளம்பும் முன் பணிப்பெண் வந்து, மடியில் எதுவும் வைத்திருக்கக் கூடாது, முன்சீட்டுக்கு அடியில் வையுங்கள் என்றாள். பதிவுத் தபாலைக் காலடியில் போடுவதா? மாட்டேன் என்றார். அப்படியானால் மேலே வையுங்கள் என்றாள். கை எட்டாத இடத்தில், பூட்டில்லாத அலமாரியில், ஊர்பேர் தெரியாதவர்களின் பெட்டிகளோடு வைப்பதா? அதற்கும் மாட்டேன் என்றார். பதிவுத் தபால் உரியவர் கைக்குப் போகிறவரை கொண்டுபோகிறவர் உடம்பை விட்டு நீங்கக் கூடாது, முப்பத்தேழு வருடமாக அவருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அவளுக்கு இன்னும் இருநூறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. பொட்டலத்தின் வளைவைப் பார்த்தாள், அவர் கழுத்தைப் பார்த்தாள், தலையணைதானே, மாட்டிக்கொள்ளுங்களேன் என்று கையால் காட்டிவிட்டு நின்றாள்.

தளவாய் அண்ணாச்சி யோசித்தார். முத்திரை உடையவில்லை, தையல் பிரியவில்லை, விலாசம் வெளிப்பக்கம் பார்த்து இருக்கிறது, உடம்பை விட்டும் நீங்கவில்லை. மாட்டிக்கொண்டார். இதில் தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று எங்கள் நகரில் இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் அதைத்தான் செய்திருப்போம்.

விமானம் ஓடத் தொடங்குமுன் தூங்கிவிட்டார். நாற்பது நாள் ஆழமுள்ள தூக்கம் அது, அவர் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி அதில் இறங்கினார், அடியில் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஆறு நாற்பது வண்டி, பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி போவது, இடது பக்கம் மூன்றாவது சீட்டு. அவர் புடவை கட்டியிருந்தார், அது அவருக்கு விநோதமாகப் படவில்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி, தேங்காயெண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு, அவர் இடது தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகி ரவிக்கைத் தோள் நனைந்திருந்தது. தோள் மரத்துப்போயிருந்தது, நகர்த்தினால் குழந்தை விழித்துவிடும் என்று அவர் நகர்த்தவில்லை. இன்னும் ஒரு ஸ்டாப் போகட்டும், இன்னும் ஒரு ஸ்டாப் இவள் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார், ஆனால் எட்டு மணிக்குக் கவுண்டர் திறக்க வேண்டும், பள்ளிக்கூட மணி அடித்துவிடும், சேரன்மகாதேவி வந்துவிட்டது. “எந்திரிட்டி, எறங்கணும்” என்றார். அந்தக் குரல் அவர் வாயிலிருந்தே வந்தது. கண்ணைத் திறந்தால் சிகாகோ, சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஏழு முத்திரையும் அப்படியே இருந்தன. பொட்டலம் மட்டும் லேசாகியிருந்தது. அவருடைய சட்டையின் இடது தோள் நனைந்திருந்தது.

விமான நிலையத்துக்கு அவர் மகன் பொன்ராஜ் வந்திருந்தான். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் போகலாமே என்றான். “மொதல்ல டெலிவரி” என்றார். நடுப்பகல், வெளியே பனி. கல்யாணியின் கணவன் வேலைக்குப் போயிருந்தான். அவளே வந்து கதவைத் திறந்தாள். அவள் அம்மாவின் அதே கண், அதே கரி.

“வாங்க மாமா. அம்மா சொன்னாங்க, நீங்க கொண்டு வாறீங்கன்னு. அதுக்காகத்தான் காலையில இருந்து…” என்று கையை நீட்டினாள்.

அண்ணாச்சி பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். “தாயி, முத்திரையப் பாத்துக்கோ. ஏழும் சரியா இருக்கு. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. வழியில நான் தூங்கிப்புட்டேன்.”

சொல்லிவிட்டு முப்பத்தேழு வருடம் யார் வாசலிலும் உட்காராத மனிதர் அந்த வாசலில் உட்கார்ந்து அழுதார். பொன்ராஜ் அப்பா அழுது அதற்கு முன் பார்த்ததில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். கல்யாணி அந்த வெற்றுப் பொட்டலத்தை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், “உள்ள வாங்க மாமா, குளிருது. காப்பி போடுறேன்” என்றாள்.

காப்பியைக் குடித்து முடித்ததும் அண்ணாச்சிக்குத் தொழில் புத்தி திரும்பி வந்தது. “கவர் காலியானா என்ன, விஷயம் எனக்குத் தெரியும்லா. வாசிச்சுக் காட்டுதேன். இப்படி வந்து உக்காரு” என்றார். அவள் சோபாவில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, கடிதம் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார். ஆறு நாற்பது வண்டி. இடது பக்கம் மூணாவது சீட்டு. ஜன்னல் கண்ணாடி பாதிதான் இறங்கும், கீழே துரு. டிரைவர் தலைக்கு மேல மாலை வாடிக் கெடக்கு. உனக்கு ரெட்டைச் சடை, வலது சடை ரிப்பன் அவுந்திருக்கு. மேலப்பாளையத்துல ஒரு ஆடு ரோட்டை மறிச்சு நிக்கி, டிரைவர் ஆரன் அடிக்காரு, நீ முழிக்கல. உங்க அம்மைக்குத் தோள் வலிக்கி, அசைக்கல. முன்னீர்பள்ளத்துல பால்காரர் ஒருத்தர் ஏறுதாரு, கேன் இடிக்காம இருக்க உங்க அம்மை கையைக் குறுக்க வச்சுக்கிடுதா.

முன்னீர்பள்ளம் என்ற இடத்தில் கல்யாணியின் தலை அவர் தோளில் வந்து விழுந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு விழுந்த தலை, கனத்தது. அவர் குரலை மாற்றவில்லை. பத்தமடை வந்தது, பாய்க்கட்டோடு இரண்டு பேர் ஏறினார்கள். பத்தமடை போனது. அடுத்தது சேரன்மகாதேவி, அங்கே எந்திரிட்டி என்று சொல்ல வேண்டும், அனுப்பியவர் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார், வாசிக்கிறவர் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவர் வாய் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. தோளில் இருந்த இமைகள் லேசாகத் துடித்தன.

“சேரன்மாதேவியில வண்டி நிக்கல” என்றார் தளவாய் அண்ணாச்சி.

அது அவர் வாழ்நாளில் கூட்டிச் சொன்ன முதல் வரி. வண்டி வீரவநல்லூர் போனது, கல்லிடைக்குறிச்சி போனது, ஆற்றுப் பாலம் தாண்டி அம்பாசமுத்திரம் போனது, பாபநாசத்தில் மலை குறுக்கே வந்ததும் திருப்பிக்கொண்டு கடையம் வழியாகத் தென்காசி போனது. அவர் நிறுத்தினால் இமை துடிக்கும், அதனால் நிறுத்தவில்லை. ஊர்கள் தீர்ந்தபின் தான் தபால் கொடுத்த தெருக்களின் கதவு எண்களை வரிசையாகச் சொன்னார், ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள், நாய் உண்டா இல்லையா என்பதையும் சொன்னார். பொன்ராஜ் தட்டில் எதையோ கொண்டுவந்து வைத்தான், அவர் தொடவில்லை. சாயங்காலம் கல்யாணியின் கணவன் வந்தான், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தோளில் மனைவி வாய் திறந்து எச்சில் ஒழுகத் தூங்குவதைப் பார்த்தான், ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து, எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதான். பதினேழு மணி நேரம் அண்ணாச்சி தோளை அசைக்கவில்லை.

இங்கே எங்களுக்கு மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி. ஆவுடையம்மாள் முற்றத்தில் அதே மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றோம், கொடுத்துவிட்ட நாளிலிருந்து அவர் கண் மூடியிருக்கவில்லை, மூட மறந்துபோனது என்றார். போன் அடித்தது. சாலமோன் சார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்தார்.

“அம்மா” என்றது கல்யாணியின் குரல், தூங்கி எழுந்த குரல், கரகரவென்று இருந்தது. “பஸ்ல தூங்கிட்டேம்மா. முழிச்சுப் பாத்தா சேரன்மாதேவி எப்பவோ போயிட்டு.”

ஆவுடையம்மாள் மடியிலிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“போனாப் போகட்டும்ட்டி. இன்னைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லிக்கிடுதேன்” என்றார்.

அந்தப் பக்கத்தில் அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாளின் தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. கோமு அக்கா ஓடிப்போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டு நின்று தோளைக் கொடுத்தார்.